விளையாட்டுக் கேள்வி – பதில்: 23 வயதில் கேப்டன், 26 வயதில் மரணம்

2025 செப்டம்பரில் அயர்லாந்துக்கு எதிரான டி20 தொடரில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கினார் ஜேகப் பெத்தெல். அவருக்கு வயது 21. அதோடு இங்கிலாந்தின் மிக இளைய கேப்டன் என்று 1889-இலிருந்து நின்றிருந்த ஒரு சாதனை போயிற்று என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கடிதங்கள். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்தப் பழைய சாதனைக்காரருக்கே ஒதுக்கிவிட்டேன்.

136 ஆண்டு நிலைத்த அந்தச் சாதனை யாருடையது? 23 வயதில் நாட்டுக்கே கேப்டன் ஆனவர் அப்புறம் ஏன் காணாமல் போனார்?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

மான்டேகு பார்க்கர் பௌடன். எல்லோருக்கும் மான்டி. 1865 நவம்பர் 1 அன்று தெற்கு லண்டனில் ஸ்டாக்வெல் பகுதியில் பிறந்தார். சர்ரே கவுன்டியின் ஓவல் மைதானம் அங்கிருந்து நடந்தே போய்விடுகிற தூரம். டல்விச் காலேஜில் படித்தார். 1883-இல், 17 வயதிலேயே, சர்ரே அணியில் இடம் கிடைத்துவிட்டது.

மட்டையும் பிடிப்பார், விக்கெட் கீப்பிங்கும் செய்வார். அவர் சேர்ந்த அணி லேசுப்பட்டதல்ல. கேப்டன் ஜான் ஷூட்டர். மட்டை பிடிக்க வால்டர் ரீட், பாபி ஏபல். பந்து வீச ஜார்ஜ் லோமன். 1887, 1888 இரண்டு ஆண்டும் இங்கிலாந்தின் சிறந்த கவுன்டி சர்ரேதான் என்று பத்திரிகைகள் சொல்லின. அதிகாரபூர்வமான கவுன்டி சாம்பியன்ஷிப் 1890-இல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்களின் தீர்ப்புதான். அப்படிப்பட்ட அணியில் 1888-இல் சசெக்ஸுக்கு எதிராக பௌடன் ஆட்டமிழக்காமல் 189 ரன் எடுத்தார். அவருடைய வாழ்நாளில் அதுவே பெரிய ஸ்கோர்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஜார்ஜ் வெர்னன் கூட்டிப்போன அணியோடு ஆஸ்திரேலியா போய் வந்திருந்தார். 1888 கடைசியில் மேஜர் வார்ட்டன் என்ற ராணுவ அதிகாரி ஏற்பாடு செய்த அணியோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். இங்கிலாந்திலிருந்து அந்த நாட்டுக்குப் போன முதல் கிரிக்கெட் அணி அது. கேப்டன் சசெக்ஸின் ஆப்ரே ஸ்மித். மார்ச் 12 அன்று போர்ட் எலிசபெத்தில் நடந்த ஆட்டத்தில் ஸ்மித் ஐந்து விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. பௌடனுக்கு அதில் பூஜ்யம். அடுத்த ஆட்டம் கேப் டவுனில். ஸ்மித் காய்ச்சலில் படுத்துவிட்டார். மார்ச் 25 அன்று அணியைக் களத்துக்கு நடத்திக்கொண்டு வந்தவர் பௌடன். வயது 23 ஆண்டு 144 நாள்.

ஏன் அவர்? அணியில் ஜார்ஜ் யூலியட் இருந்தார். 1877-இல் நடந்த முதல் டெஸ்டிலேயே ஆடியவர். ஏபல், பிரிக்ஸ், மாரிஸ் ரீட் என்று தேர்ந்த கைகள் இன்னும் இருந்தன. ஆனால் அவர்கள் எல்லோரும் சம்பளத்துக்கு ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்கள். சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர்களில் உருப்படியான கவுன்டி அனுபவம் உள்ளவர் பௌடன் ஒருவர்தான் என்று சொல்லிவிடலாம். அன்றைய இங்கிலாந்தின் வழக்கத்தில் கேப்டன் அமெச்சூராகத்தான் இருப்பார், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

இங்கிலாந்து இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. பௌடன் 25 ரன் எடுத்தார். அவருடைய டெஸ்ட் கணக்கு மொத்தமும் அவ்வளவுதான்: 2 ஆட்டம், 25 ரன். அணி கப்பலேறி ஊருக்குப் போனபோது அவர் கூடப் போகவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் செய்யலாம் என்று தங்கிவிட்டார். பிறகு இங்கிலாந்து மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

தென்னாப்பிரிக்கா 47, 43 என்று சுருண்டிருக்கிறது. இதையெல்லாம் டெஸ்ட் என்று சொல்வது நியாயமா?
(பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி)

நியாயமான கேள்வி. லீக் ஆட்டங்களில் வெயிலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதிப் பழகியவன் நான். ஒரு ஸ்கோர் தாளைப் பார்த்தால் அன்று களத்தில் என்ன நடந்தது என்பது ஓரளவு தெரிந்துவிடும். கேப் டவுன் தாளைப் பாருங்கள்.

முதலில் இங்கிலாந்து 292. அதில் ஏபல் மட்டும் 120. பதிலுக்கு ஆடிய தென்னாப்பிரிக்கா 47. தொடக்க ஆட்டக்காரர் பெர்னார்ட் டான்க்ரெட் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 26. மற்ற பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து 21. தொடக்கத்தில் இறங்கி, அணி முழுவதும் ஆட்டமிழந்த பிறகும் அவுட் ஆகாமல் நின்றவர் டெஸ்ட் வரலாற்றில் இவர்தான் முதல் ஆள். 26 ரன்னை இன்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அந்தத் தாளில் ஏபலின் சதத்தைவிட அந்த 26-தான் கண்ணில் நிற்கிறது.

பந்துவீச்சு பக்கம் வந்தால் லங்காஷயரின் ஜானி பிரிக்ஸ். குள்ளமான உருவம், இடதுகைச் சுழல். முதல் இன்னிங்ஸில் 17 ரன்னுக்கு 7, அடுத்ததில் 11 ரன்னுக்கு 8. மொத்தம் 28 ரன்னுக்கு 15 விக்கெட். அந்தப் பதினைந்தில் 14 கிளீன் போல்டு, ஒன்று எல்பிடபிள்யூ. ஒருவரும் கேட்ச் கொடுத்து அவுட் ஆகவில்லை. பந்து மட்டையில் படவே இல்லை என்று அர்த்தம். உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு அந்த மாதிரிச் சுழல் பழக்கமே இல்லை. வித்தியாசம் இன்னிங்ஸும் 202 ரன்னும்.

இனி இங்கிலாந்து அணியைப் பாருங்கள். அயர்லாந்தில் பிறந்த எமில் மக்மாஸ்டர் என்பவர் வாழ்நாளில் ஆடிய ஒரே முதல்தர ஆட்டம் இதுதான், எடுத்தது பூஜ்யம். பேசில் கிரீவ், சார்லஸ் கவென்ட்ரி இருவரும் இந்த இரண்டு டெஸ்ட் தவிர வேறு முதல்தர ஆட்டமே ஆடாதவர்கள். பாதி அணி உலகத் தரம், மீதிப் பாதி விடுமுறைப் பயணிகள். (கவென்ட்ரியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1895 கடைசியில் ஜேம்சன் என்பவர் டிரான்ஸ்வால் குடியரசின் மீது நடத்திய படையெடுப்பில் போனவர் செத்துவிட்டார் என்று ஊருக்குச் செய்தி வந்து, நினைவு வழிபாட்டுக்கு ஏற்பாடெல்லாம் ஆனபிறகு, உயிரோடுதான் இருக்கிறார் என்று தகவல் வந்ததாம்.)

அந்தப் பயணத்தின் மற்ற ஆட்டங்கள் பெரும்பாலும் 11 பேருக்கு எதிராக உள்ளூர்க்காரர்கள் 22 பேரோ 15 பேரோ இறங்கிய ஆட்டங்கள். கேப் டவுனில் 22 பேர் சேர்ந்து ஆடிய முதல் ஆட்டத்தில் இங்கிலாந்து அணி தோற்கவே செய்தது. சமமாக 11-க்கு 11 என்று ஆடிய இரண்டு ஆட்டங்களுக்கு டெஸ்ட் தகுதி பின்னாளில் தரப்பட்டது. களத்தில் இருந்த யாருக்கும் தாங்கள் டெஸ்ட் ஆடுகிறோம் என்ற எண்ணம் கிடையாது. பௌடன் உயிரோடு இருந்தவரை, காய்ச்சலில் படுத்த நண்பனுக்குப் பதிலாக ஒரு சுற்றுப்பயண அணியை ஒரு ஆட்டத்துக்குக் கவனித்துக்கொண்டவர், அவ்வளவே. இங்கிலாந்தின் டெஸ்ட் கேப்டன் என்ற பெயரை அவர் ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

தகுதி தந்தது சரியா என்றால், சரி என்றே சொல்வேன். அதை எடுத்துவிட்டால் டான்க்ரெட்டின் 26-உம் போய்விடும்.

அமெச்சூர் என்றால் சம்பளம் வாங்காமல் ஆடுபவர் என்கிறீர்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை)

எரிய வேண்டும். பௌடனின் இங்கிலாந்துக் கிரிக்கெட் 23 வயதில் நின்றுபோனதற்கு ஒரு பெரிய காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

அன்று இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் இரண்டு ஜாதி. 'கனவான்கள்' என்று அழைக்கப்பட்ட அமெச்சூர்கள் ஒரு பக்கம், சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் இன்னொரு பக்கம். உடை மாற்றும் அறை தனித்தனி. பல மைதானங்களில் களத்துக்குள் வருகிற வாசல்கூடத் தனித்தனி. ஸ்கோர் தாளில் அமெச்சூருக்கு 'மிஸ்டர்' என்ற மரியாதையும் இனிஷியலும் உண்டு. மற்றவர்களைப் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு 1962 வரை நீடித்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

மரியாதை எல்லாம் சரி, கோடைகாலம் முழுவதும் சம்பளமில்லாமல் ஆட யாரால் முடியும்? நிலபுலன் உள்ளவரால் முடியும். இல்லையென்றால் கவுன்டி ஏதாவது வழி செய்ய வேண்டும். பௌடனின் சக ஆட்டக்காரர் வால்டர் ரீட் ஒரு பள்ளி ஆசிரியர். கோடை விடுமுறையில்தான் வந்து ஆட முடிந்தது. 1881-இல் சர்ரே அவரை உதவிச் செயலாளராக நியமித்துச் சம்பளம் கொடுத்தது. ஆடுவதற்குச் சம்பளமில்லை, அலுவலக வேலைக்குத்தான் என்று கணக்கு. அவரும் 'மிஸ்டர் ரீட்' ஆகவே தொடர்ந்தார். பௌடனுக்கு அப்படி ஒரு நாற்காலியை யாரும் போடவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாடும் சுகமில்லை. 1896-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்டுக்கு 10 பவுண்டு போதாது, 20 வேண்டும் என்று ஐந்து பேர் கேட்டார்கள். ஏபலும் லோமனும் அதில் உண்டு. கவுன்டி மசியவில்லை. ஏபல் உட்பட மூன்று பேர் இறங்கிவந்து ஆடினார்கள். லோமனும் நாட்டிங்காம்ஷயரின் வில்லியம் கன்னும் ஆடவில்லை.

பௌடனுக்கு இந்த இரண்டு வாசலும் ஒத்துவரவில்லை. சம்பளம் வாங்கினால் 'மிஸ்டர்' போய்விடும். வாங்காவிட்டால் கைச்செலவுக்கு வழியில்லை. அந்த நேரத்தில்தான் தங்கம் கண்ணில் பட்டது.

ஜோகன்னஸ்பர்க்கில் அப்படி என்ன தொழில் செய்தார்?
(மளிகைக்கடை உரிமையாளர், விருதுநகர்)

பங்குத் தரகு. கூட்டாளி வேறு யாருமல்ல, கேப்டன் ஸ்மித்தேதான்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது 1886-இல். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜோகன்னஸ்பர்க் மூன்று வயது ஊர். தகரக் கொட்டகைகளும் புழுதியும். ஆனால் சுரங்கப் பங்குகள் கைமாறிய வேகத்தில் யார் வேண்டுமானாலும் பணக்காரர் ஆகலாம் என்ற நிலை. அப்புறம் சுரங்கங்கள் ஆழமாகப் போகப் போக ஒரு சிக்கல். மேல்மட்டத்துக் கல்லைப் பொடித்துப் பாதரசத்தில் விட்டால் தங்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆழத்தில் கிடைத்த கல்லில் கந்தகம் கலந்திருந்தது. பாதரசத்தில் தங்கம் சரியாக ஒட்டவில்லை. பங்குகள் சரிந்தன. சயனைடு கரைசல் கொண்டு தங்கத்தைப் பிரிக்கிற முறை அங்கே வந்து சேர்வதற்குள் எத்தனையோ தரகர்கள் மூழ்கிவிட்டார்கள். பௌடன் – ஸ்மித் கூட்டும் அதில் ஒன்று.

இதற்கு நடுவிலும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. வார்ட்டன் பயணத்துக்குப் பணம் உதவிய கப்பல் முதலாளி டொனால்ட் கரி ஒரு கோப்பையும் தந்திருந்தார். அந்தக் கரி கோப்பைக்காக 1890-இல் ஜோகன்னஸ்பர்க் அடங்கிய டிரான்ஸ்வாலும் வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியும் மோதிய முதல் ஆட்டத்தில் பௌடன் டிரான்ஸ்வாலுக்கு ஆடி, ஆட்டமிழக்காமல் 126 எடுத்தார். கோப்பை டிரான்ஸ்வாலுக்குப் போயிற்று. வயது 24. ஆட்டம் அவரை விட்டுப் போகவில்லை, அவர்தான் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. மொத்தம் 86 முதல்தர ஆட்டம், 2,300-க்குச் சற்று மேல் ரன், மூன்று சதம். சராசரி 20-ஐ ஒட்டி வரும். இன்றைய கண்ணுக்கு இது குறைவு. மழையில் நனைந்து வெயிலில் காய்கிற, மூடி வைக்காத ஆடுகளங்களில் ஒரு விக்கெட் கீப்பருக்கு அது கௌரவமான எண்.

இந்தியாவில் இளம் வயதுக் கேப்டன் யார்?
(பத்தாம் வகுப்பு மாணவர், தர்மபுரி)

மன்சூர் அலி கான் பட்டோடி. 1962 மார்ச்சில் பார்படோஸில் 21 வயது 77 நாளில். சார்லி கிரிஃபித் வீசிய பந்து நாரி கான்ட்ராக்டரின் தலையைத் தாக்கியதால் திடீரென்று வந்த பொறுப்பு. பின்னர் ஜிம்பாப்வேயின் டட்டெண்டா டைபு 2004-இலும், ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் 2019-இலும் 20 வயதிலேயே டெஸ்ட் கேப்டன் ஆனார்கள். இங்கிலாந்தின் டெஸ்ட் கேப்டன்களில் இளையவர் இன்றும் பௌடன்தான். பெத்தெல் முறியடித்தது எல்லா வகை ஆட்டமும் சேர்ந்த சாதனையை.

ஆப்ரே ஸ்மித் என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்களில் ஒரு நடிகர் வருவார். மீசையும் அடர்ந்த புருவமுமாக இருப்பார். அவரும் இவரும் ஒருவரா?
(ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்)

ஒருவரேதான். நல்ல கண் உங்களுக்கு.

ஸ்மித் ஜோகன்னஸ்பர்க்கில் நோயில் கிடந்தபோது, அவர் இறந்துவிட்டதாக ஒரு தென்னாப்பிரிக்கப் பத்திரிகை இரங்கல் செய்தியே போட்டுவிட்டது. பிழைத்து எழுந்தார், ஊர் திரும்பினார், நாடக மேடை ஏறினார். பின்னர் அமெரிக்கா போய் சினிமாவில் கம்பீரமான ஆங்கிலேயக் கிழவர் வேடங்களுக்கு நிரந்தர முகம் ஆனார். 1932-இல் ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். அவர் வீட்டுக் கூரையில் காற்றின் திசை காட்டும் கருவிகூட ஸ்டம்பும் மட்டையும் பந்துமாகச் செய்யப்பட்டிருந்தது. 1944-இல் சர் பட்டம். 1948-இல் 85 வயதில் இறந்தார்.

டெஸ்ட் கணக்கில் இவர் ஆடியது ஒரே ஆட்டம், அதில் கேப்டன். பத்திரிகை கொன்றவர் 85 வரை இருந்தார். கூட்டாளி 26-ஐத் தாண்டவில்லை.

பௌடனின் உடலைச் சிங்கம் இழுத்துப் போகாமல் ராத்திரி முழுக்கக் காவல் காத்தார்கள் என்று படித்தேன். உண்மையா, கட்டுக்கதையா?
(மின்வாரிய ஊழியர், சேலம்)

உண்மை என்று நம்பக் காரணம் இருக்கிறது.

தரகுத் தொழில் போனபிறகு 1890-இல் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனி அனுப்பிய 'முன்னோடிப் படை'யில் பௌடன் சேர்ந்தார். லிம்போப்போ ஆற்றுக்கு வடக்கே மஷோனாலாந்தைப் பிடிக்கப் போன படை. மாட்டுவண்டிகளோடு காடு திருத்திக்கொண்டே போய், செப்டம்பர் 13 அன்று இன்றைய ஹராரே இருக்கும் இடத்தில் கொடி ஏற்றினார்கள். பௌடன் அந்தப் பக்கத்திலேயே வியாபாரம் செய்து பிழைத்தார். கடைசியாக இருந்த இடம் உம்டாலி. இன்று ஜிம்பாப்வேயில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி முட்டாரே என்று வழங்கும் ஊர். அப்போது இப்போதைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தது.

அங்கே ஆஸ்பத்திரி என்றால் மண்சுவர் வைத்த குடிசை. 1891-இல் கடற்கரையிலிருந்து காட்டு வழியே நடந்தே வந்து சேர்ந்த ஆங்கிலேயச் செவிலியர்கள் அதை நடத்தினார்கள். காய்ச்சல், மழை, மருந்துத் தட்டுப்பாடு. 1892 பிப்ரவரி 19 அன்று அங்கேதான் பௌடன் இறந்தார். வலிப்பு நோய் காரணம் என்பது பதிவு. சில நாள் முன்பு வண்டியிலிருந்து விழுந்தார் என்றும், குடி அதிகமாகிவிட்டது என்றும் சொல்வார்கள்.

சவப்பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. விஸ்கி புட்டிகள் வந்த பெட்டிகளைப் பிரித்து, அந்த மரத்தில் பெட்டி அடித்தார்கள். சிங்கம் நடமாடுகிற இடம் என்பதால் அடக்கம் செய்யும்வரை உடலுக்குக் காவல் போட்டார்கள். அந்த ஊரின் அந்த வருடத்து நிலைமைக்கு இரண்டுமே பொருந்திப்போகின்றன. சிங்கம் வரும் என்று பயப்படாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அதே வாரங்களில் வால்டர் ரீட் தலைமையில் ஓர் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தது. சர்ரேயில் பௌடனோடு கீப்பிங்கைப் பகிர்ந்துகொண்ட ஹாரி உட் அந்த அணியில் இருந்தார். பௌடன் இறந்து ஒரு மாதம் கழித்து, அவர் கேப்டனாக இருந்த அதே கேப் டவுன் மைதானத்தில், ஹாரி உட் ஆட்டமிழக்காமல் 134 எடுத்தார். டெஸ்டில் ஒரு விக்கெட் கீப்பர் அடித்த முதல் சதம் அது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போன கூட்டத்தில் சேர்ந்தவருக்கு இவ்வளவு அனுதாபம் தேவையா?
(வழக்கறிஞர், புதுக்கோட்டை)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

முன்னோடிப் படையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் 3,000 ஏக்கர் நிலமும், தங்கம் தோண்ட 15 உரிமைகளும் தருவதாக ரோட்ஸின் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த நிலம் ஷோனா மக்கள் உழுது மாடு மேய்த்த நிலம். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆறே ஆண்டில், 1896-இல், அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தப் போராட்டத்தை ஜிம்பாப்வே இன்றும் முதல் சிமுரெங்கா என்று கொண்டாடுகிறது. கையில் காசில்லாத ஓர் இளைஞன் போய்ச் சேர்ந்தான் என்பதற்காக அவன் சேர்ந்த வேலை நல்ல வேலை ஆகிவிடாது. 26 வயதில் யாருமில்லாத ஊரில் செத்தவனுக்காக வருந்தவும் செய்வேன், அவன் பிடிக்கப் போன மண் அவனுடையதல்ல என்றும் சொல்வேன். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கேப் டவுன் ஸ்கோர் தாளை நீங்கள் கேட்ட கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொரு பெயர் துருத்திக்கொண்டு தெரியும். பௌடனோடு டாஸ் போடப் போன தென்னாப்பிரிக்கக் கேப்டன் வில்லியம் மில்டன். பிறகு இவர் ரோட்ஸின் செயலாளர் ஆனார். பௌடன் செத்துப்போன அந்த நாட்டையே கம்பெனியின் சார்பில் ஆண்ட நிர்வாகியாகவும் பல ஆண்டுகள் இருந்தார்.

1894-இல் தென்னாப்பிரிக்கா முதன்முறையாக இங்கிலாந்துக்கு அணி அனுப்பியது. கேப் டவுனில் குரோம் ஹென்ட்ரிக்ஸ் என்ற வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். மலாய் சமூகத்தாரின் அணியில் 1892-இல் ரீட் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக ஆடி, வந்தவர்களையே வியக்கவைத்தவர். அவரை எடுக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. நிறத்தைக் காரணம் காட்டித் தடுத்தார்கள். தடுத்ததில் மில்டனுக்கு முக்கியப் பங்கு, ரோட்ஸின் ஆதரவும் அதற்கு உண்டு. தென்னாப்பிரிக்க அணிக்கு ஒரே ஒரு ஆட்டம்கூட ஆட ஹென்ட்ரிக்ஸை விடவில்லை.

எமில் மக்மாஸ்டருக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது, ஹென்ட்ரிக்ஸுக்கு இல்லை. அதனால் அடுத்த இதழின் முதல் பதிலை ஹென்ட்ரிக்ஸுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அவரைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.